முந்திக்கொண்ட அக்கா

தொற்று நோயால் மூடிக் கிடந்த இதய ஆபரேஷன் பிரிவை அன்றுதான் மறுபடி திறந்தார்கள். முதல் ஆபரேஷன் தையல்காரரின் மனைவிக்கு. பச்சை அங்கி போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அவளைத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போனது.

"உங்களுக்கு அடுத்த வாரம்மா," என்றார் நர்ஸ் தயங்கிக்கொண்டே. "இன்னிக்குப் பெரிய டாக்டரோட அக்கா போறாங்க. அவங்க தேதி உங்களுக்கு, உங்க தேதி அவங்களுக்கு."

தையல்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தவர்கள் அவர்கள். வால்வு பழுதாகி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள் அவள். வந்த போதெல்லாம் இப்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். பிரிவை மூடுவதற்கு முன் கடைசியாக ஆபரேஷன் ஆனவருக்கு இதயம் நன்றாகத்தான் துடித்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒட்டிக்கொண்ட காய்ச்சல்தான் அவரைக் கொண்டு போனது.

அதனால் கூப்பிட்டதும் வருவதற்கும் பயம், வராமல் இருப்பதற்கும் பயம். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள், "எனக்கு ஏதாவது ஆனா, பொண்ணை உங்க தங்கச்சி வீட்டுல மட்டும் விட்டுடாதீங்க," என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இப்போதும் அவள்தான் விடுங்க, போகட்டும் என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கேட்கவில்லை. நேரே தியேட்டர் வாசலுக்குப் போனார்.

பெரிய டாக்டர் வெளியேதான் உட்கார்ந்திருந்தார், நோயாளியின் சொந்தக்காரர்களுக்குப் போட்ட நாற்காலியில். அக்கா மேல் தானே கத்தி வைக்க மனம் வராமல் இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்திருந்தாராம்.

தையல்காரர் கொட்டித் தீர்த்தார். டாக்டர் வீட்டு உயிர் உசத்தி, தையல்காரன் வீட்டு உயிர் மட்டமா என்று கேட்டார். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார் தையல்காரர்.

"உங்க வீட்டம்மா ஒரு வாரம் தாங்குவாங்க. நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன்," என்றார் டாக்டர் கடைசியில்.

அந்த வாரம் நகரவே இல்லை. ஆபரேஷன் முடிந்து அக்காவைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு இருமல் கேட்டாலே டாக்டர் ஓடினார். தினமும் மூக்கில் குச்சி விட்டுத் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். ராஜ உபசாரம்தான் என்று தையல்காரர் முணுமுணுத்தார். மனைவிக்கோ மூச்சு இன்னும் குறைந்திருந்தது. அவள் தூங்கும்போதெல்லாம் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் காலை டாக்டர் வார்டுக்கே வந்தார். அக்கா எழுந்து நடக்கிறாள், தொற்று எதுவும் இல்லை, நாளைக்கு உங்கள் மனைவிக்கு ஆபரேஷன் என்றார்.

தையல்காரரால் நாக்கை அடக்க முடியவில்லை. "உங்க வீட்டுக்காரங்க நல்லபடியா எழுந்தாச்சு. இனி எங்க முறை, இல்லையா டாக்டர்?"

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆமாங்க. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். அக்கா கேக்கல. 'தியேட்டர் சுத்தமாயிடுச்சான்னு ஊரான் வீட்டு உயிரை வச்சாடா பாப்பே? நான் முதல்ல போறேன்'னு சொல்லிட்டா."