வெட்டிய படங்கள்

அப்டேட் போடுமுன் பேக்கப் எடுக்கச் சொன்னது தினேஸ்வரியின் கைப்பேசி. ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொடங்கியது, பத்தரை ஆகியும் பாதியைத் தாண்டவில்லை. ஏறுகிற படங்களைத் திரை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் முடியலையாம்மா?" என்றார் அப்பா. பிறை நகரில் ஒரு தொழிற்சாலை வாசலில் அவருக்கு ஜாகா வேலை, காவல் காப்பது. மதிய ஷிப்டுக்கு நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப ஸ்லோப்பா. படம் நெறைய லா."

அவளுடைய பட்டமளிப்புக்கு அவர் அந்தச் சட்டையோடுதான் வேலையிலிருந்து ஓடி வந்தார். ஓரத்தில் நின்ற அவரை வெட்டிவிட்டுத்தான் படத்தைத் தோழிகளுக்கு அனுப்பினாள். இப்போது அதில் அவர் மறுபடியும் நின்றார். வெட்டாத படம் எங்கோ தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்தது லங்காவித் தீவில் தோழிகளோடு எடுத்தது. அப்பா அங்கே போனதே இல்லை. அதே சட்டையில் ஓரமாக நின்றார். தோழியின் கல்யாணத்திலும் நின்றார், இன்னும் கொஞ்சம் தள்ளி.

"எங்க, காட்டு பாப்போம்."

அவள் கைப்பேசியைச் சட்டென்று கவிழ்த்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

கடைசிப் படம், போன வாரத்து அலுவலக விருந்து. அவரை அவள் அழைக்கவில்லை. ஓரத்தில் ஒரு நீலத் தோள் மட்டும் தெரிந்தது. இந்தப் படத்தை அவள் வெட்டவே இல்லை. அவராகவே விலகி நின்றிருந்தார்.