நீலத் தாமரைக் கிண்ணம்

விசாரணைக்கு வந்தவர்கள் நான்கு பேர். தெற்கு பார்த்த நாற்காலியில் மடத்துத் தலைவர் ஜிங்குவான். அவருக்கு இடப்பக்கம் பழம்பொருள் வியாபாரி ஷென். வாசலோரம் முக்காலியில் சமையற்காரர் மெங். ஜன்னலோர மேசையில், மை, தூரிகை, உறைக் குவியலுக்கு நடுவே அவற்றை ஒட்டும் பசைச் சோறு சகிதம் எழுத்தர் கோங்.

கோங் எதையும் மறக்காதவர். அதை அவரே அடிக்கடி சொல்லுவார்.

காணாமல் போனது புத்தருக்குச் சோறு படைக்கும் பீங்கான் கிண்ணம். முந்நூறு வருஷப் பழசு. உள்ளே அடியில் ஒரு நீலத் தாமரை. மூன்று நாளாகப் படையல் மண்சட்டியில் நடக்கிறது.

"ஷென் ஐயா விலை கேட்டாரு. மறுநாளே காணோம். கடைசியா தொட்டது யாரு?" என்றார் கோங்.

"நான்தான். மதிய மணி அடிச்சதும் படையலை இறக்கி அடுப்படி அலமாரி மேல வெச்சேன். திரும்பி வந்து பார்த்தா சோறுமில்ல, கிண்ணமுமில்ல" என்றார் மெங்.

"திருடன் சோத்தையுமா கொண்டு போவான்?"

"பசிச்ச ஆவியா இருக்கும். எழுதிக்கோங்க!" என்றார் மெங்.

"நான் விலைதான் கேட்டேன், சோறு கேக்கல" என்று சிரித்தார் ஷென்.

தலைவர் மெதுவாக, "இருபது வருஷமா சமைக்கிறவன், கோங்..." என்றார்.

"இரக்கம் வேற, விசாரணை வேற சாமி."

மெங் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு அடுப்படிப் பக்கம் நீங்களும்தானே வந்தீங்க, எழுத்தரய்யா?"

"அன்னைக்கு விழாவுக்கு நூத்தியெட்டு அழைப்பு ஒட்டினவன் நான். தலை நிமிர நேரமில்ல, திருடவா நேரம்?"

கோங் காவல் அதிகாரிக்கு எழுதினார்: 'ஒன்று, வெளியாள் எவரும் அடுப்படிக்குள் வரவில்லை. இரண்டு, திருடன் அவசரக்காரன். மூன்று, அவனுக்குச் சோறும் தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே மெங் என்பவரைக் கைது செய்யவும்.'

வாசலில் தபால்காரர் மணியடித்தார். மெங் தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கோங் கடிதத்தை உறையிலிட்டு, ஒட்டுவதற்காக மேசையிலிருந்த காய்ந்த சோற்றை அடிவரை வழித்தார். விரல் அப்படியே நின்றது.

வழித்த இடத்தில் நீலத் தாமரை மலர்ந்திருக்க, எதையும் மறக்காத கோங் கடிதத்தை வெளியே எடுத்து, மெங்கின் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதி, அதே சோற்றால் உறையை ஒட்டித் தபால்காரரிடம் கொடுத்தனுப்பினார்.