ஹேஸல் போட்ட கையெழுத்து

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று, பக்கத்து வீட்டுக்காரியான நான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் என் தலையில்தான்.

இன்னொன்றுக்கு அக்ராய்ட் கிழவர் தன் அக்கா மகனைப் பார்த்தார். டெஸ்மண்ட் அப்போதே கிழவர் வீட்டுச் சன்னலுக்குப் புதுத் திரை போட அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

"நீ போடேன்டா."

"சாட்சி போட்டவனுக்கு உயில்ல எதுவும் கிடைக்காது மாமா. எனக்குச் சட்டம் தெரியும். என்கிட்டயேவா?"

"அப்ப தபால்காரர் வரட்டும்."

"அவர் எதுக்கு? என் ஹேஸல் இருக்காளே!"

கிழவர் டீயை உறிஞ்சினார். "சட்டப்படி கட்டின பொண்டாட்டிதானே?"

"ஹாலிஃபாக்ஸ் சர்ச்சுல நடந்துச்சு. கேக்கை ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னீங்களே!"

ஹேஸல் கையெழுத்திட்டாள்.

ஈஸ்டர் முடிந்ததும் கிழவர் போய்ச் சேர்ந்தார். வக்கீல் உயிலைப் படித்தார். "வீடு டெஸ்மண்டுக்கு."

டெஸ்மண்ட் மேசைமேல் இருந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"சாட்சி போட்ட ஹேஸல் யாருங்க?" என்றார் வக்கீல்.

"என் சம்சாரம்!"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சிக்கு மட்டுமில்ல, சாட்சியோட புருஷனுக்கும் எதுவும் சேராதுங்க."

"அப்ப வீடு?"

"அடுத்த வரியில இருக்கு. உங்களுக்குச் சேராமப் போனா, தெருப்பூனைகள் காப்பகத்துக்கு."

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தான். "மாமாவுக்கு இந்தச் சட்டம் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாமலா, உன் கல்யாணத்தை அப்படி விசாரிச்சாரு?" என்று கையை நீட்டினேன். "சாவியைக் குடு தம்பி."