டூர்லைவ் வாசித்த காட்டேரிக் கதை

டூர்லைவ் இறப்பதற்கு முன் கடைசியாக ஒலிப்புத்தகமாக வாசித்துப் பதிவு செய்தது ஒரு ரத்தக்காட்டேரி நாவல். நார்வேயின் ட்ரோம்சோ நகரில் பலர் அதைக் கேட்டுவிட்டு விளக்கை அணைக்காமல் தூங்கினார்கள். அவர் மனைவி இங்குன் மட்டும் அந்தக் குரலைக் கேட்டபடி மீன் சூப் கிளறினாள்.

கதையில் காட்டேரி ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றது. கூப்பிடாமல் அது உள்ளே வராது.

"உள்ள வரலாமா?" என்றது டூர்லைவின் குரல்.

"வா. ஷூவைக் கழட்டிட்டு வா. எத்தன தடவ சொல்றது?" என்றாள் இங்குன், பழக்கதோஷத்தில்.

சூப் கொதிப்பதற்குள் தங்கை போன் செய்தாள். "அக்கா, அத்தானோட கதையை மறுபடி கேட்டுட்டு இருக்கேன். காட்டேரி ஷூ கழட்டுற சத்தம் கேக்குது! போன தடவ இது இல்லியே?"

இங்குன் வாசலைப் பார்த்தாள். அலமாரியில் பூட்டி வைத்திருந்த டூர்லைவின் ஷூக்கள், முதல் தடவையாக ஒழுங்காக, கதவோரம் இருந்தன. அவற்றிலிருந்து பனி உருகிக்கொண்டிருந்தது.