நீல ஏப்ரன்காரி

"அந்த நீல ஏப்ரன்காரியைக் கூண்டுல ஏத்தாம விடமாட்டேன்!"

"அவ என்ன பாவம் பண்ணினா, எல்வுட்? வேலைக்கு வந்தவ…"

"வேலையா? சனிக்கிழமையானா சூப்பர் மார்க்கெட்ல நீல ஏப்ரனை இடுப்புல கட்டிக்கிட்டு, காபியைச் சும்மா ஊத்திக் குடுத்து என் வாடிக்கையை எல்லாம் இழுத்துக்கிறா. அவளுக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு? காபிக் கம்பெனி! அதே கம்பெனி சரக்கை இருபது வருஷமா விக்கிறேனே, எனக்கு ஒரு விளம்பர அட்டையாவது அனுப்பினானா?"

எல்வுட் தன் மளிகைக்கடை மேசையில் இருந்த செய்தித்தாள் துண்டைத் தட்டினார். ஒரு கம்பெனி பெரிய கடைக்கு விளம்பரத்துக்கு ஆள் அனுப்பினால், சின்னக் கடைக்கும் அதன் அளவுக்கேற்ற உதவியைத் தந்தே ஆகவேண்டும். அதுதான் சட்டம். ஒஹையோவின் அந்தச் சிற்றூரில் துணிந்து அரசாங்கத்துக்குப் புகார் எழுதியவர் அவர் ஒருவர்தான்.

"கம்பெனியைத் திட்டு. அவளை விட்டுடு," என்றாள் மனைவி வெர்னா.

"நீ ஏன் சொல்லமாட்டே? சனிக்கிழமையானா அக்காவுக்கு உடம்புக்கு முடியலைன்னு கிளம்பிடுறே. காத்தாடுற கடையை மூடாம ஓட்டுறது என்ன பாடுன்னு உனக்கெங்க தெரியும்?"

சர்க்கரை வாங்க வந்த ஹாஸ்கல் அம்மாள் நடுவில் புகுந்தாள். "நீங்க அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லையா, எல்வுட்?"

"அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்."

"காபி நல்லாத்தான் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்ல குடிச்சோமே, அதே பக்குவம்…" வெர்னாவின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். அங்கே போய்க் குடித்ததற்கு வெட்கப்படுகிறாள் என்று எல்வுட் நினைத்துக்கொண்டார்.

விசாரணை அன்று வெர்னாதான் அவருக்கு டை கட்டிவிட்டாள். முடிச்சை மூன்று தடவை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"பயப்படாதே. ஜெயிச்சிடுவோம்," என்று அவளைத் தேற்றினார்.

விசாரணைக் கூடத்தில், கம்பெனி தந்த சம்பளப் பட்டியலோடு அரசாங்க வக்கீல் எழுந்தார். எல்வுட்டைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். "சூப்பர் மார்க்கெட்ல காபி ஊத்தின அம்மா வரலாம்."

எல்வுட் ஆவலோடு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்னா எழுந்து போய்க் கூண்டில் ஏறினாள்.

"கம்பெனி ஆபீசுக்கு முதல்முதல்ல எதுக்குப் போனீங்கம்மா?"

அவள் வக்கீலைப் பார்க்கவில்லை.

"நம்ம கடைக்கு ஒரு ஆள் கேக்கத்தான் போனேன், எல்வுட். 'சின்னக் கடைக்கெல்லாம் அனுப்பமாட்டோம், வேணும்னா நீ பெரிய கடைக்கு வா'ன்னாங்க."