கங்காணி என்றால்

ஊசி அந்தப் பெண்ணின் ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி முறிந்தது.

வேலைக்குச் சேர்ந்து நான்கே நாள். எனக்கு அடுத்த மெஷின். கத்தக்கூட இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு விரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது விரலை அல்ல, தைத்துக்கொண்டிருந்த காலரை.

பிறகுதான் ஊசித் துண்டைப் பிடுங்கினாள். ஒரு துண்டுத் துணியை விரலில் இறுக்கிச் சுற்றினாள்.

"துணியில ரத்தம் படாம தை."

அவ்வளவுதான். திரும்பி நடந்தாள்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். தண்ணீர் குடிக்க எழுந்தால் சூப்பர்வைசர் மணி பார்ப்பாள். மூக்கைச் சிந்தினால் முறைப்பாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் கங்காணி. தலை தெரிந்தால் 'கங்காணி வருது'. மாமியார் அதட்டினால்கூட 'எங்க வீட்டுக் கங்காணி'. ஆனால் அவள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன்.

"ஏய் கங்காணி! அர்த்தம் தெரியுமா உனக்கு? அடுத்தவ வேர்வைய நிழல்ல நின்னு எண்ணுறவ. பெத்த வயிறா இருந்தா இப்படிச் சொல்லுவியா?"

வரிசையில் எல்லா மெஷின்களும் நின்றுவிட்டன, அந்தப் பெண்ணுடையதைத் தவிர.

சூப்பர்வைசரின் முகம் வெளுத்துப்போனது. பார்க்கப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

என் மேலங்கியை யாரோ இழுத்தார்கள்.

அந்தப் பெண்தான். தலை நிமிராமல், மெஷின் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"விடுங்கக்கா. முதல் வாரத்துலயே அடிபட்டுச்சுன்னு தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க. சொந்தம்னு தெரிஞ்சா ரெண்டு பேரையுமே அனுப்பிடுவாங்க. அம்மா வேற என்னதான் பண்ணுவாங்க?"

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். என்ன சத்தம் என்று கேட்டார்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கண்ணில் பயத்தை நான் கண்டது அப்போதுதான்.

நூல் அறுந்துகொண்டே இருந்தது, அந்த எரிச்சலில் கத்திவிட்டேன் என்றேன்.

அத்தனை பேர் முன்னாலும் என்னை நிற்கவைத்துத் திட்டித் தீர்த்தார்.

வந்த கோபம் ஒரு சொட்டும் வடியவில்லை. வழக்கமாகக் குனிகிற தலையை நிமிர்த்தி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.