வெள்ளைத் தவளையின் எடை

குளத்துத் தவளைகளைப் பிடித்து, எடை பார்த்து, திரும்பத் தண்ணீரில் விடுவதுதான் அவன் வேலை. பதினெட்டு கிராம், இருபது கிராம், மிஞ்சிப்போனால் முப்பது. பதினோரு வருடத்தில் அன்று காலைதான் முழு வெள்ளைத் தவளை ஒன்று வலையில் சிக்கியது. கண் மட்டும் சிவப்பு. உள்ளங்கையில் பாதிகூட இல்லை. தராசு 2850 கிராம் என்றது.

பேட்டரியை மாற்றினான். அதே எண். அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"தவளையா பூசணிக்காயாய்யா? வேற தராசுல போட்டுப் பாரு," என்று அதிகாரி சிரித்தார்.

வேறு தராசும் அதையேதான் சொன்னது.

அந்த எண் அவனுக்குத் தெரியும். உயிரில்லாமல் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அட்டையில் இருந்தது. மனைவிக்குக் காட்டாமல் பீரோவில் துணிக்கு அடியில் வைத்து நான்கு மாதமாகிறது. வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று அவளும் அன்றிலிருந்து குளத்துக்கு வந்துவிடுகிறாள்.

"குடுங்க, நான் விட்டுடறேன்."

கொடுத்தான். அவள் கை சட்டென்று தாழ்ந்தது. இன்னொரு கையையும் அடியில் கொடுத்து, கழுத்தைத் தாங்கி, மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அழுதுச்சாங்க?"

அன்றைக்கு மயக்கம் தெளிந்ததும் கேட்ட அதே கேள்வி. அன்றைக்குப் போலவே அவன் இல்லையென்று தலையாட்டினான்.

அவள் குனிந்து தண்ணீரில் விட்டாள். அது நீந்தவில்லை. நேராகக் கீழே இறங்கியது. வெகுநேரம் வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தது.